கிடாருக்கும் கீபோர்டுக்கும் ஒரே பெடல்: சீட்டுப் பணத்தில் கைவைக்கும் முன் ஏற்காட்டில் நாங்கள் கற்ற பாடம்!

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். போன வருடம் அந்த வளைவுகளைப் பஸ்ஸில் கடந்தபோது என் மடியில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி இருந்தது. சித்தி பையனுக்குப் பிறந்தநாள் பரிசு. கிடாரில் மாட்டும் எஃபெக்ட் பெடல். என் முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது என்பதால், பக்கத்து சீட்காரர் கை பட்டால்கூட எனக்குக் கோபம் வந்தது.

அன்று சாயங்காலமே தம்பி கிடாரைச் சொருகி வாசித்தான். பிரமாதம். ஒரே ஒரு தந்தியைத் தட்டினால் அந்தச் சத்தம் அறை முழுக்கச் சுற்றிவிட்டு மெதுவாக அடங்கியது. அடுத்து அவனுடைய பழைய கீபோர்டைச் சொருகினான். 'கர்ர்ர்...'

"அக்கா, ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சா?"

ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெடலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தப்பு என்னுடையது. அவன் கிடாரும் வாசிப்பான், கீபோர்டும் வாசிப்பான் என்று தெரிந்தும், கிடாருக்கு மட்டுமே பொருந்தும் ஒன்றைப் பெயரையும் போட்டோவையும் பார்த்து வாங்கிவிட்டேன். போதாக்குறைக்கு அரை மணி நேரத்தில் கரண்ட் போனது. அடாப்டர் இல்லாமல் அந்தப் பெட்டிக்கு உயிரே கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இந்த வருடம் சித்தி ஏலச்சீட்டு எடுத்தார். கையில் வந்தது 40,000 ரூபாய். ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டின் பின்பக்கக் கூரைக்கு ஷீட் மாற்ற வேண்டும். தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் பாக்கி கட்ட வேண்டும். அது போக மிச்சம் இருந்தால் 'அந்த டப்பா'. போனில் சித்தி சொன்னது ஒரே வரி: "இந்தத் தடவை தப்பா வாங்கிடாத கண்ணு."

அந்த ஒரு வரிக்காக இரண்டு மாதம் படித்தேன், கேட்டேன், தம்பியோடு சண்டை போட்டேன். அதன் சாரம்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் கிடாரோ கீபோர்டோ வாசிக்கும் ஒரு பிள்ளை இருந்து, 'ஆம்பியன்ட் பெடல் வேணும்' என்று கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கும் உதவும்.

ஆம்பியன்ட் என்றால் என்ன?

தாளமும் வேகமும் முன்னால் நிற்காமல், ஒலியே ஓர் இடம் மாதிரி நம்மைச் சூழ்ந்துகொள்ளும் இசைக்குத்தான் ஆம்பியன்ட் என்று பெயர். பிரிட்டனைச் சேர்ந்த பிரையன் ஈனோ 1978-ல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டபோது அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

நமக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. கச்சேரி ஆரம்பிக்கும் முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்த ஒரு நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டு இன்னும் வரவில்லை, ஆனால் பாட்டு உட்காரப் போகும் பாய் விரித்தாயிற்று. ஆம்பியன்ட் பெடல் செய்வதும் அதைத்தான். பாயை விரிக்கும். பாட்டை நீங்கள்தான் பாட வேண்டும்.

இதற்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஓர் உதாரணமும் உண்டு. சென்னையில் வளர்ந்து உலகம் சுற்றிய மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ். சாதாரண மாண்டலினில் தந்தியைத் தட்டியதும் ஒலி சீக்கிரம் செத்துவிடும். கர்னாடக இசைக்கு வேண்டிய கமகத்தை இழுத்துப் பிடிக்க அதில் நேரம் போதாது. அவர் எலெக்ட்ரிக் மாண்டலினைக் கையில் எடுத்ததும் அந்தப் பிரச்னை தீர்ந்தது. 1995-ல் அவர், கனடாவைச் சேர்ந்த கிடார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் சேர்ந்து 'ட்ரீம்' என்ற ஆல்பத்தைச் செய்தார். வெளியிட்டது பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனம். புரூக் சாதாரண ஆள் இல்லை. தட்டிய தந்தி அடங்காமல் நீண்டுகொண்டே இருக்கும்படி 'இன்ஃபினிட் கிடார்' என்ற ஒன்றையே உருவாக்கியவர். யு2 குழுவின் 'வித் ஆர் வித்அவுட் யூ' பாட்டில் நீண்டு மிதக்கும் கிடார் ஒலி அதில் வாசித்ததுதான்.

இருவரும் தேடியது ஒன்றையே: ஒலி இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பெடல் வாங்கக் கிளம்பும்போது மனதில் வைக்க வேண்டியதும் இதுதான். எத்தனை எஃபெக்ட் என்பது அப்புறம். எதற்காக ஒலியை நிறுத்தி வைக்கிறோம் என்பதே முதல் கேள்வி.

மலைப் பாறையும் குகையும் சொல்லும் பாடம்

பெடல் உலகத்தில் இரண்டு வார்த்தைகள் அடிக்கடி வரும். டிலே, ரிவெர்ப். பலரும் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு வித்தியாசத்தைப் புரியவைப்பது ரொம்ப ஈஸி.

எதிரே ஒரு பெரிய பாறைச் சரிவு இருக்கிறது. நீங்கள் கை தட்டுகிறீர்கள். சத்தம் போய் முட்டித் திரும்பி வருகிறது. தனியாக, தெளிவாக, இன்னொரு கைதட்டலாகக் கேட்கிறது. இது டிலே. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பாறை 85 மீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 170 மீட்டர். அதாவது அரை நொடி கழித்து எதிரொலி. பெடலில் '500 மில்லி செகண்ட்' என்று திருகினால் அந்தப் பாறையை 85 மீட்டரில் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

இப்போது சேர்வராயன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 5,300 அடி உயரத்தில், குகைக்குள் இருக்கும் கோயில். ஒரு குகைக்குள் மணி அடித்தால் எதிரொலியைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. ஆயிரம் எதிரொலிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, ஒரே வாலாக நீண்டு அடங்கும். இது ரிவெர்ப்.

இந்த இரண்டுக்கும் மேலே வருபவை மற்றவை:

* கோரஸ், ட்ரெமொலோ மாதிரியானவற்றுக்கு மாடுலேஷன் என்று பெயர். ஒலியை லேசாக அசைய விடும். காற்றில் ஆடும் திரைச்சீலை மாதிரி.
* ஷிம்மர் என்பது ரிவெர்ப் வாலை ஒரு ஸ்தாயி மேலே தூக்கித் திரும்பத் திரும்ப உள்ளே விடுவது. கீழே கிடார் அடித்தால் மேலே வயலின் கூட்டம் பாடுவது போல் கேட்கும்.
* கிரானுலர் என்பது வாசித்ததைப் பொடிப்பொடியாக நறுக்கி, வேறு வரிசையில் தூவுவது.
* லூப்பர் என்பது வாசித்ததைப் பதிந்து சுற்றவிட்டு, அதன் மேல் இன்னொன்றை வாசிக்க விடுவது. தனி ஆள் ஒரு குழு ஆகலாம்.

இவையெல்லாம் ஒரே பெட்டிக்குள் வருவதே ஓர் ஆச்சர்யம். 1957-ல் வந்த இஎம்டி 140 என்ற ஸ்டூடியோ ரிவெர்ப் கருவி, ஒரு பெரிய இரும்புத் தகட்டை அதிரவைத்து ஒலியை நீட்டியது. எடை சுமார் 270 கிலோ. 1974-ல் ரோலண்டு வெளியிட்ட ஸ்பேஸ் எக்கோ, சுற்றிக்கொண்டே இருக்கும் டேப்பில் பதிந்து எதிரொலி கொடுத்தது. இன்று அந்த இரண்டின் சாயலும் ஒரு டிபன் பாக்ஸைவிடச் சின்னப் பெட்டியில் கிடைக்கிறது.

நான் செய்த தப்பு: லெவலும் ஸ்டீரியோவும்

போன வருடம் கீபோர்டு 'கர்ர்' என்றதற்குக் காரணம் லெவல். அதாவது, உள்ளே வரும் சிக்னலின் பலம்.

சாதாரண எலெக்ட்ரிக் கிடாரின் பிக்கப்பிலிருந்து வருவது பலவீனமான சிக்னல். பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். கீபோர்டு, சின்த் போன்றவை தருவது 'லைன் லெவல்'. வீட்டுக் கருவிகளின் கணக்கு சுமார் 0.3 வோல்ட். ஸ்டூடியோ கருவிகளின் கணக்கு சுமார் 1.2 வோல்ட். கிடாரை மட்டும் எதிர்பார்த்துச் செய்த பெடலில் இவ்வளவு பலமான சிக்னல் நுழைந்தால் அது திணறும். அந்தத் திணறல்தான் தம்பி கேட்ட 'கர்ர்'.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. லைன் லெவலுக்கு மட்டும் செய்த மிக்ஸர் உள்ளீட்டில் கிடாரை நேராகச் சொருகினால் சத்தம் மெலிந்து, கூர்மை போய், போர்வைக்குள் வாசிப்பது போல் இருக்கும். கிடாருக்கு 'ஹை-இம்பீடன்ஸ்' உள்ளீடு தேவை. சுமார் 1 மெகாஓம். இல்லையென்றால் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் வைக்க வேண்டும்.

ஆக, இரண்டு கருவிக்கும் ஒரே பெடல் என்றால், கிடார் லெவல், லைன் லெவல் இரண்டையும் தாங்குகிறதா என்பதை முதலில் பாருங்கள். சில பெடல்களில் இதற்கென்றே சுவிட்ச்சோ மெனுவோ இருக்கும். இல்லாவிட்டாலும் கீபோர்டின் வால்யூமைப் பாதிக்குக் கீழே இறக்கிவைத்துச் சமாளிக்கலாம். எனக்கு இது போன வருடம் தெரிந்திருந்தால் அந்தப் பிறந்தநாள் கொஞ்சம் நன்றாக முடிந்திருக்கும்.

அடுத்தது ஸ்டீரியோ. கிடார் ஒரே ஒயரில் வரும். மோனோ. கீபோர்டு பெரும்பாலும் இடது, வலது என இரண்டு ஒயர். இங்கேதான் விளம்பரம் நம்மை ஏமாற்றும். 'ஸ்டீரியோ பெடல்' என்று போட்டிருப்பார்கள். வெளியே போவது ஸ்டீரியோவாக இருக்கும், உள்ளே வருவது மோனோவாக இருக்கும். உதாரணமாக, பாஸ் நிறுவனத்தின் ஜிடி-1. கிடார் கற்பவர்களுக்கு நல்ல மல்ட்டி-எஃபெக்ட். ஆனால் அதில் கருவிக்கான உள்ளீடு ஒன்றே ஒன்று. கிடாருக்குப் போதும். கீபோர்டின் இரண்டு பக்கமும் வேண்டும் என்றால் போதாது. அதனால், பெடலின் பின்பக்கப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே இரண்டு துளை இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

உங்கள் கருவியையும் எண்ணிப் பாருங்கள். எல்லா சின்த்தும் ஸ்டீரியோ இல்லை. 2016-ல் வந்து பிரபலமான கோர்க் மினிலாக்கின் வெளியீடு மோனோதான். அப்படிப்பட்ட கருவி வைத்திருப்பவர்கள் ஸ்டீரியோ உள்ளீட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையே இல்லை. மோனோவாக உள்ளே போய் ஸ்டீரியோவாக விரிந்து வந்தால் போதும்.

கரண்ட் கதை

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி. பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் 'எம்ஏ' எண்ணையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை போன்ற பெடலுக்குக் குறைந்தது 300 மில்லி ஆம்பியர் வேண்டும். லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப்புடன் வரும் அடாப்டரோ 3,000 மில்லி ஆம்பியர். பழைய 100 மில்லி ஆம்பியர் அடாப்டரைச் சொருகிவிட்டு 'பெடல் ஆன் ஆகலையே' என்று திகைப்பவர்கள் உண்டு. நடுமுனை மாறிய அடாப்டரைச் சொருகினால் பெடலே பாழாகலாம்.

மலையில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எனவே பேட்டரியில் ஓடுமா என்ற கேள்வியைத் தம்பி லிஸ்ட்டில் மேலே ஏற்றினான். ஸூம் எம்எஸ்-70சிடிஆர் 2 ஏஏ பேட்டரியிலும், பாஸ் ஜிடி-1 4 ஏஏ பேட்டரியிலும் ஓடும். பெரிய ஆம்பியன்ட் பெடல்கள் பெரும்பாலும் அடாப்டரை மட்டுமே நம்பியிருப்பவை.

'86 எஃபெக்ட், 300 ப்ரீசெட்' மயக்கம்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எண்ணிக்கை. தம்பி முதலில் விழுந்ததும் அதில்தான். எண்ணிக்கையைவிட முக்கியமான மூன்று கேள்விகள் உண்டு.

ஒன்று: ஒரே நேரத்தில் எத்தனை ஓடும்? ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை 2013-ல் 479 டாலர் விலையில் வந்தது. 12 வகை ரிவெர்ப், 300 ப்ரீசெட். உலகம் முழுக்க ஆம்பியன்ட் வாசிப்பவர்கள் மதிக்கும் பெடல். ஆனால் அது அடிப்படையில் ரிவெர்ப் பெடல். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு வகை. தனி டிலே வேண்டும் என்றால் இன்னொரு பெடல் வாங்க வேண்டும். ஈவன்டைட் எச்90, 2022-ல் 899 டாலருக்கு வந்தது. வந்தபோது 62 அல்காரிதம். ஒரே நேரத்தில் இரண்டை ஓட்டலாம். மேலே சொன்ன ஸூம் 2013-ல் வந்தபோது 86 எஃபெக்ட். ஒரே நேரத்தில் 6 வரை அடுக்கலாம். எண்ணிக்கையில் குட்டிப் பெட்டி ஜெயித்துவிட்டதா? இல்லை. ஒவ்வொரு ரிவெர்ப்பின் ஆழத்திலும் பெரிய பெடல்கள் ஒரு படி மேலே. நமக்கு வேண்டியது ஆழமா, அடுக்கா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு: திருகுவது சுலபமா? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ் இருந்தால் வாசித்துக்கொண்டே மாற்றலாம். குட்டித் திரையில் மெனு தேட வேண்டும் என்றால் வீட்டிலேயே செட் செய்து சேமித்துக்கொண்டு போக வேண்டும். மேடையில் குனிந்து மெனு தேடும் கிடாரிஸ்ட்டைப் பார்க்கப் பாவமாக இருக்கும். வால்ரஸ் ஆடியோவின் ஸ்லோ மாதிரி பெடல்களில் மூன்றே மூன்று வகை ரிவெர்ப். குறைவுதான். ஆனால் பத்து நிமிடத்தில் கைக்குப் பழகிவிடும்.

மூன்று: அணைத்தால் என்ன ஆகிறது? எஃபெக்ட்டை நிறுத்தியதும் வால் சட்டென்று அறுந்து போகிறதா, இயல்பாக அடங்குகிறதா? ஆம்பியன்ட் வாசிப்பில் இது ரொம்ப முக்கியம். கதவைப் படாரென்று சாத்துவது போல் ஒலி நின்றால் அதுவரை கட்டிய சூழல் அங்கேயே உடைந்துவிடும். 'ட்ரெயில்ஸ்' அல்லது 'ஸ்பில்ஓவர்' என்ற வார்த்தை விவரக் குறிப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சின்த் பக்கம் அதிகம் சாய்பவர்களுக்கு ஹாலோகிராம் மைக்ரோகாஸம் என்று ஒன்று உண்டு. கிரானுலரும் லூப்பரும் சேர்ந்தது, ஸ்டீரியோ உள்ளீடும் உண்டு. ஒரு நோட்டைக் கொடுத்தால் ஒரு தோட்டத்தையே திருப்பித் தரும். கேட்க அற்புதம். ஆனால் எதை வாசித்தாலும் அந்தத் தோட்டம்தான் கேட்கும். பாட்டுக்குத் துணையாக வாசிப்பவருக்கு அது முதல் பெடலாக இருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வாசிப்பதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யவும் வேண்டும் என்பவர்களுக்கு எச்எக்ஸ் ஸ்டாம்ப் பொருந்தும். ஸ்டீரியோ உள்ளீடு உண்டு, யுஎஸ்பி வழியாக நேராகப் பதிவு செய்யலாம்.

இறக்குமதி வரி, ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேரும்போது டாலர் விலையை அப்படியே ரூபாயாகப் பெருக்கிப் பார்ப்பது தப்புக் கணக்காகிவிடும். இங்கே பில் போட்டுத் தருபவரிடம் வாரன்ட்டியோடு என்ன விலை என்று கேட்பதே சரி.

வாங்கும் முன் சும்மாவே சோதிக்கலாம்

மலை மேல் பெடல் கடை கிடையாது. வீடியோ பார்த்து முடிவு செய்வதும் ஆபத்து. அந்த வீடியோக்களில் வாசிப்பவர் கை நல்ல கை, கிடார் நல்ல கிடார், ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். நம் வீட்டில் மூன்றும் வேறு.

அதனால் நாங்கள் ஒரு வேலை செய்தோம். வல்ஹல்லா நிறுவனத்தின் 'சூப்பர்மாசிவ்' என்ற ரிவெர்ப்-டிலே மென்பொருள் கம்ப்யூட்டருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. தம்பி தன் கீபோர்டைப் பதிவு செய்து அதில் ஓட்டிப் பார்த்தான். போன் மட்டும் இருப்பவர்கள் பேண்ட்லேப், ஐபோன் என்றால் கராஜ்பேண்ட் போன்ற இலவச ஆப்களில் முயற்சி செய்யலாம். ஒரு வாரம் எல்லா எஃபெக்ட்டையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். திரும்பத் திரும்ப எதைத் தொட்டான் என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னேன்.

முடிவு? அவன் தொட்டது மூன்றையே. நீளமான ஹால் ரிவெர்ப், தாளத்தோடு ஒட்டிய டிலே, எப்போதாவது கொஞ்சம் ஷிம்மர். கிரானுலரை முதல் நாள் நான்கு மணி நேரம் விளையாடிவிட்டு அப்புறம் திறக்கவே இல்லை.

தாளத்தோடு ஒட்டிய டிலேக்கு ஒரு சின்னக் கணக்கு. 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 750 மில்லி செகண்ட். அதில் முக்கால் பங்கு, சுமார் 562, என்று டிலேயை வைத்தால் எதிரொலி தட்டுகளுக்கு இடையில் விழுந்து, ஒருவர் வாசிப்பது இரண்டு பேர் வாசிப்பது போல் ஓடும். யு2-வின் எட்ஜ் பிரபலமாக்கிய வித்தை இது. பெரும்பாலான பெடல்களில் கணக்கே வேண்டாம். காலால் 'டேப்' சுவிட்சைத் தட்டினால் அதுவே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சித்தி வைத்த பரீட்சை

தம்பி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசிப்பான். சித்தி பாடற்குழுவில் பாடுவார். போன வருடப் பெடலை அவன் ஒரே ஒரு ஞாயிறு கொண்டு போனான். பூசை முடிந்ததும் சித்தி சொன்னது: "நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க என்ன பாடுறோம்னே புரியலையே."

இரண்டு மாதத்தில் நான் படித்த எல்லாவற்றையும்விட உருப்படியான விமர்சனம் இது. உயரமான கூரையும் கல் சுவரும் உள்ள இடத்தில் ஏற்கெனவே ரிவெர்ப் இருக்கிறது. அதன் மேல் பெடலும் ஐந்து நொடி ரிவெர்ப்பைக் கொட்டினால் எழுத்துகள் எல்லாம் கரைந்துவிடும். இயர்போனில் தேவலோகமாகக் கேட்டது, அந்த இடத்தில் இரைச்சலாகிவிடும்.

எனவே இந்த முறை வாங்கும் முன் கடன் வாங்கினோம். சேலத்தில் வாசிக்கும் ஒருவர், தன் ஸூம் பெடலை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். கிடாருக்கு ஒரு டிஐ பாக்ஸும் சேர்த்துக் கொடுத்தார். அவரே ஒரு யோசனையும் சொன்னார்: "பெடலை ஏன் கிடாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவுலயே வைக்கிறீங்க? மிக்ஸர்ல ஆக்ஸ் சென்ட் இருக்குல்ல?"

அது என்ன ஆக்ஸ்? மிக்ஸரில் ஒவ்வொரு சேனலிலிருந்தும் கொஞ்சம் ஒலியைத் தனியாகப் பிரித்து வெளியே அனுப்பும் வழி. அதைப் பெடலுக்குள் விட்டு, பெடலிலிருந்து வருவதை மிக்ஸரின் வேறு சேனலில் திரும்பச் சேர்க்க வேண்டும். பெடலில் 'மிக்ஸ்' என்பதை முழுக்க எஃபெக்ட் பக்கம், அதாவது 100 சதவீதம் வைத்துவிட வேண்டும். அசல் ஒலி மிக்ஸரில் தெளிவாக அப்படியே இருக்கும். குளத்தில் தண்ணீர் திறப்பது போல, கிடாருக்கு எவ்வளவு, கீபோர்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகத் திறந்துவிடலாம். ஒரே பெடல், இரண்டு கருவிக்கும் ஒரே நேரத்தில். மிக்ஸரிலிருந்து வருவது லைன் லெவல் என்பதால் அனுப்பும் அளவை மட்டும் கீழிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும்.

அந்த ஞாயிறு நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாடல் தொடங்கும் முன் கீபோர்டு மட்டும் மெல்ல எழுந்தது. வெளியே பனிமூட்டம், உள்ளே இது. பாட்டு ஆரம்பித்ததும் தம்பி ஆக்ஸைக் குறைத்தான். வார்த்தைகள் ஒவ்வொன்றும் காதில் விழுந்தன. கடைசி வரி முடிந்ததும் மீண்டும் ஏற்றினான். ஒலி தானாக அடங்கும்வரை யாரும் இருமக்கூட இல்லை.

வெளியே வந்த சித்தி கேட்டது இரண்டே கேள்வி. "இப்ப வார்த்தை கேக்குது. இது எவ்வளவு?"

விலையைச் சொன்னோம். அவர் மனதில் கூட்டிக் கழித்தார். ஃபீஸ், ஷீட், ஆசாரி கூலி எல்லாம் போக இடம் இருந்தது. அந்தக் குட்டிப் பெட்டியின் புதிய மாடலையே வாங்கினோம். தம்பி கனவில் வைத்திருந்த பிக்ஸ்கை இல்லை. "அது வேலைக்குப் போனதும் என் காசுல" என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

வாங்கும் முன் ஒரு செக்லிஸ்ட்

* உங்கள் கருவி மோனோவா, ஸ்டீரியோவா? பெடலின் உள்ளீட்டுத் துளைகளை எண்ணுங்கள்.
* கிடார் லெவல், லைன் லெவல் இரண்டையும் ஏற்குமா?
* டிலேயும் ரிவெர்ப்பும் ஒரே நேரத்தில் ஓடுமா?
* அணைத்ததும் வால் இயல்பாக அடங்குமா?
* 9 வோல்ட், நடுமுனை, மில்லி ஆம்பியர்: மூன்றும் உங்கள் அடாப்டரோடு பொருந்துமா? பேட்டரியில் ஓடுமா?
* சின்த்தோடு வேகத்தை இணைக்க மிடி தேவைப்படுமா? தேவையில்லை என்றால் அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.
* ஒயர், அடாப்டர், டிஐ பாக்ஸ் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்தீர்களா?
* நீங்கள் வாசிக்கப் போகும் அதே இடத்தில், இரவல் வாங்கியாவது ஒருமுறை வாசித்துப் பார்த்தீர்களா?

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: ஈரம். பனிமூட்டத்தில் திறந்து கிடக்கும் பெடலின் துளைகளில் துரு ஏறினால் கரகரப்பு வரும். வாசித்து முடித்ததும் மூடியுள்ள டப்பாவில், புது ஷூவோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள். பல நாள் வாசிக்கவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் பெட்டிக்கே ஆபத்து.

போன வாரம் இரவு தம்பி ஒரு ஆடியோ அனுப்பினான். கீபோர்டு மெதுவாக விரிகிறது. அதன் அடியில் இடைவிடாமல், பொடிப்பொடியாக, ஏதோ ஒன்று பொழிந்துகொண்டே இருக்கிறது. கிரானுலரைத் திரும்பத் தொட்டுவிட்டானோ என்று நினைத்துக் கேட்டேன்: "பின்னாடி ஓடுறது என்ன எஃபெக்ட்டுடா?"

"எஃபெக்ட் இல்லக்கா. புது ஷீட்ல மழை."